கூழாங்கல்லின் அடிக்குரல்

வணக்கம். கூழாங்கல், மரக்கட்டை, காய்ந்த சுரைக்குடுவை எல்லாவற்றையும் தட்டிப் பதிவுசெய்து, பேஸ் எனும் ஆழ்ந்த அடி ஒலிக்காக வேகத்தைக் குறைத்து மூன்று ஸ்தாயி இறக்கினேன். போர்வைக்குள்ளிருந்து முனகுவதுபோல் வருகிறது. பேசாமல் மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசருக்கே போய்விடலாமா?
ர.

அன்புள்ள ர.,

போக வேண்டாம். உங்கள் பதிவில் குறையில்லை, இறக்கிய விதத்தில்தான் சிக்கல். ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது, அலகு ஹெர்ட்ஸ்) பாதியாகும். மூன்று ஸ்தாயி இறக்கினால் எல்லா அதிர்வெண்ணும் எட்டில் ஒன்றாகும். 440 ஹெர்ட்ஸில் ஒலித்த கட்டை 55-க்கு வரும். அருமையான பேஸ் சுரம். ஆனால் 20,000 ஹெர்ட்ஸில் இருந்த மினுக்கமும் 2,500-க்கு இறங்கிவிடும். அதற்கு மேலே கேட்க ஏதும் மிஞ்சாது. தட்டலும் எட்டு மடங்கு நீளும். 5 மில்லிசெகண்டில் முடிந்த 'டக்' 40 மில்லிசெகண்டுக்கு இழுபட்டால் அது எப்படித் தட்டலாகக் கேட்கும்?

அதனால் இறக்காத அசல் தட்டலின் தொடக்கத்தை மட்டும் வெட்டி, இறக்கிய ஒலியின் தலையில் ஒட்டுங்கள். இது கல், இது கட்டை என்று காது பெரும்பாலும் அந்தத் தொடக்கத்தை வைத்துத்தான் கண்டுகொள்கிறது. அப்புறம், இறக்கிய ஒலியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் அதே சுரத்தில் ஒரு சைன் அலையை, அதாவது ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட தூய ஒலியை, வையுங்கள். இது கலப்படம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் 55 ஹெர்ட்ஸுக்கு முகம் கிடையாது. கல்லின் முகமும் குடுவையின் முகமும் அதற்கு மேலேதான் இருக்கின்றன.

கல்லுக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கல்லின் மேற்சுரங்கள் (அடிச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்துவதில்லை. அதனால்தான் அதில் ஸ்ருதி தெளிவாகப் பிடிபடாது. இறக்காத பதிவிலிருந்து, ஒலி நன்றாக அதிரும் இடத்தில், சுமார் 18 மில்லிசெகண்ட் துண்டு ஒன்றை எடுத்து, இடைவிடாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி லூப்பில் விடுங்கள். அது நொடிக்கு 55 முறை திரும்ப வருவதால், காது அதை 55 ஹெர்ட்ஸ் சுரமாகவே கேட்கும். மேற்சுரங்களும் தாமாகவே 55-இன் முழு மடங்குகளில் வந்து நிற்கும்! எதையும் இறக்கவில்லை என்பதால் மினுக்கம் குறையாது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே கரகரக்கும். உயர்ந்த அதிர்வெண்களைக் குறைக்கும் ஃபில்டரால் தேவையான அளவு மூடிக்கொள்ளலாம். துண்டின் இரு முனைகளையும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'கிளிக்' சேர்ந்துகொள்ளும்.

சுரைக்குடுவைக்கு இவ்வளவு பாடு தேவைப்படாது. உள்ளே அடைபட்ட காற்றே ஒரு ஸ்ருதியைத் தந்துவிடும். அதன் வாயருகே மைக்கை வைத்து மறுபடி பதிவுசெய்து ஒரே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாருங்கள். வந்ததை எனக்கும் அனுப்புங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.