எச்.ஆர். பட்டத்துக்கு எட்டு லட்சம் தகுமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறாள். எச்.ஆர். (மனிதவளம்) வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. எச்.ஆர். சீட் தருகிறார்கள். ஆண்டுக் கட்டணம் 1,75,000 ரூபாய், ஹாஸ்டல் 90,000. ஆறு லட்சம் பேங்க் லோன் போட்டு, மீதியைச் சீட்டு எடுத்துக் கட்டலாம் என்று இருக்கிறோம். போன வருஷம் ஆறு லட்சம் வரை பேக்கேஜ் கிடைத்தது என்கிறது கல்லூரி. கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இந்தப் பணத்தைப் போடலாமா? — வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மகள் தேர்ந்தெடுத்த வேலை நல்ல வேலைதான். அதற்குப் போக இவ்வளவு விலையுள்ள டிக்கெட் தேவையில்லை என்பது என் கருத்து.

முதலில் கடன். ஆண்டுக்கு இரண்டு லட்சமாக மூன்று தவணையில் ஆறு லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று வருஷமும், அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. தனிவட்டியாகப் போட்டாலே நாலு வருஷ முடிவில் 1,89,000 சேர்ந்து, கடன் 7,89,000 ஆகி நிற்கும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 10,650 ரூபாய். பதினைந்து வருஷமாக நீட்டினால் மாதம் 8,700 சொச்சம்தான். ஆனால் மொத்தமாகக் கட்டுவது பதினைந்தே முக்கால் லட்சத்தைத் தொடும். சீட்டுப் பணம் இதில் சேரவில்லை. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கூட்டுக் கடன்தாரராக அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்கு வேலை தாமதமானால் பேங்க்காரர் கூப்பிடுவது கட்டிங் மாஸ்டரைத்தான்.

அடுத்து அந்த 'பேக்கேஜ்'. ஆறு லட்சம் 'வரை' என்றால் ஒரே ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. கல்லூரியில் போய் இதைக் கேளுங்கள்: போன வருஷம் இந்த வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளையின் சம்பளம் என்ன, என்ன பதவி? பெயரை மறைத்து நாலு ஆஃபர் லெட்டர் காட்டச் சொல்லுங்கள். பதவிப் பெயர் 'டாலண்ட் அக்விசிஷன்' என்றிருந்தால், நாள் முழுக்கப் போனில் ஆள் பிடிக்கும் கன்சல்டன்சி வேலையாகவும் இருக்கலாம். அது கேவலமான வேலை இல்லை; ஆனால் அதற்கு எந்த டிகிரியும் போதும்.

பேக்கேஜ் என்பது கைக்கு வரும் சம்பளமும் இல்லை. சி.டி.சி., அதாவது கம்பெனி ஒருவருக்காக வருஷத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, மூன்று லட்சம் என்றால் மாதம் 25,000. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) அதில் பாதி, 12,500 என்று கொண்டால், கம்பெனி கட்டும் பி.எஃப். 1,500 ரூபாயும் கிராஜுவிட்டிக்காக ஒதுக்கும் சுமார் 600 ரூபாயும் அந்த 25,000-க்குள்ளேயே கழியும். மகளின் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500. கைக்கு 21,400 அளவில் வரும். தொழில் வரியும் இன்ஷூரன்ஸும் போனால் இன்னும் குறையும். பாதிக்குப் பாதி தவணைக்குப் போனால், வெளியூரில் ரூம் எடுத்துத் தங்க முடியாது. (நாளை இந்தக் கணக்கை மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதே உங்கள் மகளின் வேலையாகத்தான் இருக்கும்.)

அந்த வேலை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியுமா? கோட்டுப் போட்டு இன்டர்வியூ எடுப்பது பிற்பாடு. முதல் இரண்டு வருஷம் அட்டெண்டன்ஸ், ஓ.டி., சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவைதான். மாதம் 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் கட்டியாக வேண்டும். ஒரு தொழிலாளியின் பெயர் ஆதாரில் இனிஷியல் பின்னாலும், பி.எஃப். கணக்கில் முன்னாலும் இருக்கும். அதனால் அவர் பணம் எடுக்க முடியாமல் நிற்பார். அதைச் சரிசெய்து கொடுக்கத் தெரிந்த பெண்ணை எந்த முதலாளியும் விடமாட்டார். உங்கள் ஊரில் இது இன்னும் ஒரு படி மேலே. ஏற்றுமதி கம்பெனிகளுக்கு எஸ்.ஏ. 8000, செடெக்ஸ் என்று, தொழிலாளரை ஒழுங்காக நடத்துகிறார்களா எனப் பார்க்க பையர் கேட்கும் ஆடிட்டுகள் வந்துகொண்டே இருக்கும். வேலை நேரப் பதிவேடு, ஹாஸ்டல் வசதி, புகார்ப் பெட்டி வரை பார்ப்பார்கள். 'கம்ப்ளையன்ஸ்' (இந்த விதிகளைக் கடைப்பிடிக்கும் வேலை) தெரிந்தவர், ஒடிசா, பிகார் தொழிலாளிகளிடம் ஹிந்தியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர் என்றால் தனி மவுசு. இதையெல்லாம் பி.பி.ஏ. பாடப் புத்தகத்தைவிட உங்கள் கணவரின் கம்பெனி ஆபீஸில் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். லீவில் ஒரு மாதம் அங்கே உட்காரச் சொல்லுங்கள். பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இந்தத் துறையில் சம்பளம் ஏறுவது பெரும்பாலும் இரண்டாம் படிப்பில்தான். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் கழகம்), சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் என்று பெரிய இடங்களின் எச்.ஆர். முதுநிலைப் படிப்பில் சேர இளநிலையில் எச்.ஆர். படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. நுழைவுத் தேர்வும் மதிப்பெண்ணும்தான் வாசல். இன்னொரு வழி சட்டம் போட்டுக் கொடுத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 தொழிலாளர் அல்லது அதற்கு மேல் உள்ள ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்றிருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 250 என்று இறக்கியிருக்கிறது. இந்தப் பதவிக்கு வெறும் டிகிரி போதாது. தொழிலாளர் நலம், சமூகப்பணி சார்ந்த அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் கேட்பார்கள். பி.பி.ஏ. எச்.ஆர். அதற்கு ஒப்புக்கொள்ளப்படுமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வருவதற்குள் அட்மிஷன் முடிந்துவிடும்!

சென்னையில் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையத்தில் பி.ஏ. தொழிலாளர் மேலாண்மை என்றே மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது. நல அலுவலர் பதவிக்கென்றே வைத்த படிப்பு. கட்டணமும் தனியார் கல்லூரியின் பக்கத்தில்கூட வராது. சென்னைக்கு அனுப்ப மனமிருந்தால் முதலில் அங்கே விண்ணப்பம் போடுங்கள். மனமில்லையென்றால் உங்கள் ஊரிலேயே எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.காம். சேர்ந்தால் ஹாஸ்டல் செலவே இல்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். மிச்சமாகும் லட்சங்களை முதுநிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவள் மனம் மாறி அக்கவுண்ட்ஸ் பக்கம் போனாலும் பி.காம். கைகொடுக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தக் கல்லூரியேதான் என்றால், ஒன்றை மட்டும் பாருங்கள். 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்புக்குள் வந்துவிட்டது. அனுமதி இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 34. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனி டைம் ஆபீஸில் இருக்கிறேன். எக்ஸிகியூட்டிவ் ஆக டிகிரி வேண்டும் என்கிறார்கள். ஆன்லைனில் பி.பி.ஏ. எச்.ஆர். 1,20,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? — வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: உங்கள் கணக்கு வேறு. சம்பளத்தை விடாமல் படிக்கிறீர்கள், வேலை ஏற்கெனவே தெரியும். டிகிரி ஒரு கேட் பாஸ். எனவே மலிவான பாஸை வாங்குங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ இரண்டிலும் கட்டணத்தை விசாரியுங்கள். யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விக் குழுவின் பட்டியலில் அந்தப் படிப்பு இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். போன ஆண்டு இருந்தது என்பது கணக்கில்லை. ஆன்லைன் டிகிரியைப் பதவி உயர்வுக்கு ஏற்பார்களா என்று உங்கள் மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் மெயிலில் பதில் வாங்குங்கள். டிகிரி முடித்த கையோடு, மேலே சொன்ன தொழிலாளர் கல்வி நிலையத்தின் வார இறுதித் தொழிலாளர் சட்டப் பட்டயப் படிப்பையும் பாருங்கள். டைம் ஆபீஸ் அனுபவத்தோடு அது சேர்ந்தால் பேரம் பேச உங்களுக்கு பலம்.

கேள்வி: பி.பி.ஏ.வுக்கு 50,000 கட்டிச் சேர்ந்தேன். வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததால் விலகக் கேட்டால், பணமும் தர முடியாது, ஒரிஜினல் மார்க் ஷீட்டும் தர முடியாது என்கிறார்கள். — மாணவர், சேலம்

பதில்: ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இலேயே அறிவித்துவிட்டது. பணத்துக்கு, நீங்கள் எழுதிக் கொடுக்கும் தேதிதான் முக்கியம். சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணம் (நடைமுறைச் செலவுக்குச் சிறு தொகை மட்டும் பிடிக்கலாம்), அதற்குப் பிந்தினால் 90, 80, 50 சதவீதம் என்று குறைந்து, கடைசி நாள் தாண்டி 30 நாளுக்கு மேல் ஆகிவிட்டால் ஒன்றும் இல்லை என்பது அந்த அறிவிப்பில் உள்ள அட்டவணை. சில கல்வியாண்டுகளுக்கு யு.ஜி.சி. தனித் தேதியும் அறிவித்திருக்கிறது. இந்த ஆண்டுக்கு உண்டா என்று பாருங்கள். இன்றே கடிதம் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள்; மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதோடு யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் போடுங்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு உடனே போக வேண்டாம். கல்லூரி 'சேவை'யா இல்லையா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. அந்த வாதத்திலேயே உங்கள் படிப்பு முடிந்துவிடும்.