பரண்ல கிடைச்ச துப்பாக்கியை நீங்களே கொண்டு போகாதீங்க

பெங்களூரு அல்சூர்ல புதுசா குடி வந்த வீட்டுப் பரண்ல வேட்டைத் துப்பாக்கி இருக்கு, முன்னாடி இருந்த கொடவா (குடகுச் சமூகம்) ஆளு இப்ப குடகுல மடிக்கேரில, கார்ல கொண்டு போய்க் குடுத்துரலாமான்னு கேட்டிருக்கீங்க. நல்ல மனசு ப்ரோ, ஆனா வேணவே வேணாம். கொடவாக்களுக்கு லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சுக்க விலக்கு இருக்கு, ஆனா அது அவருக்கு, உங்களுக்கு இல்ல, வழியில செக்கிங்ல மாட்டினா 1959 ஆயுதச் சட்டத்துல கேஸ் உங்க மேலதான் விழும். உள்ள குண்டு இருக்கான்னு நோண்டாதீங்க, பழசுன்னு நம்பவே முடியாது, அப்படியே விட்டுட்டு 112க்கு போன் போடுங்க, ஹவுஸ் ஓனர்கிட்டயும் சொல்லிருங்க. போலீஸ் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு எழுதிக் குடுக்கற பேப்பர்ல, பேரல்ல (குழாய்ல) வெட்டியிருக்கற நம்பர் இருக்கான்னு பாத்து வாங்குங்க, அந்தக் கொடவா ஆளு தன்னோட விலக்கு சர்டிஃபிகேட்டைக் காட்டி ஸ்டேஷன்ல கேட்டுக்கட்டும். அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல மட்டும் போட்டோ போட்றாதீங்க, நாலு பேரு என்னோடதுன்னு வந்து நிப்பான்.