மணி அடித்தாலே கொல்லைக்கு ஓடும் தம்பிக்கு

தங்கச்சி, ஆட்டிசம் உள்ள உங்கள் தம்பிக்கு 21 வயது, போன் அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுகிறான், படகு கரை சேர்ந்து அப்பா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாம்பனில் என் மகனும் அப்படித்தான் இருந்தான்.

முதலில் ரிங்டோனை அணைத்து வைப்ரேஷனில் போடுங்கள். போனில் எதிராளியின் முகம் தெரியாது, தன் முறை எப்போது என்றும் புரியாது. பயத்தில் பாதி அதுதான். அதனால் நான் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில், "6 மணிக்குக் கூப்பிடுவேன், ஒரே கேள்வி" என்று அனுப்பிவிட்டு, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவேன். அவன் கையில் ஒரு அட்டை: "ஹலோ, நான்தான். சொல்லுங்க." கடைசி வரி, "சரி, வைக்கிறேன்." பேச்சை எப்படி முடிப்பது என்பதுதான் அவனுக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

அப்புறம் நண்டு விற்கும் அக்காவிடம், "அவன் யோசிக்க நேரம் கொடுங்க, ஹலோ ஹலோன்னு கத்தாதீங்க" என்று சொல்லி வைத்தேன். முதல் நாளே பழக்கதோஷத்தில் கத்திவிட்டார்! இவன் கட் பண்ணிவிட்டான். இரண்டு நாள் விட்டுப் பிடித்தோம். இப்போது, "நண்டு வந்திருக்கா, கிலோ என்ன விலை?" என்று அவனே கேட்கிறான்.

கச்சான் எனும் மேல்காற்றில், இஞ்சின் சத்தத்துக்கு நடுவே அப்பா பேசினால் நமக்கே புரியாது. சத்தம் இல்லாத இடத்துக்கு வந்து கூப்பிடச் சொல்லுங்கள்.

108க்குச் சொல்லவேண்டிய முகவரியையும் அடையாளத்தையும் தனி அட்டையில் எழுதி ஒட்டுங்கள். அந்த எண்ணுக்குப் போட்டுப் பழக்காதீர்கள், வீட்டுக்குள்ளேயே நடித்துப் பாருங்கள். மற்றபடி மெசேஜ்தான் பிடிக்கிறது என்றால் அப்படியே விடுங்கள்.