பீட்டுக்கு அடியில் புதைந்துபோகும் குரல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், தமிழில் ராப் எழுதுவேன். இணையத்தில் லீசுக்கு எடுத்த பீட் (பாடுவதற்கான பின்னணி இசை) ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே ஸ்டீரியோ ஃபைல்தான், டிரம்ஸ் தனி, பேஸ் தனி என்று எதுவும் தரவில்லை. அதன்மேல் பாடினால் குரல் புதைந்துவிடுகிறது. குரலைக் கூட்டினால் பீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, எல்லா ஒலியும் வந்து சேரும் மாஸ்டரில் சிவப்பு விளக்கும் எரிகிறது. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: மைக் இப்போதைக்கு வேண்டாம் தம்பி, அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும். உங்கள் சிக்கல் குரலில் இல்லை, பீட்டின் அளவில் இருக்கிறது.

பீட் விற்பவர்கள் முதல் பத்து நொடியில் ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதால் அதை லிமிட்டரில் (சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் அமுக்கும் கருவி) போட்டு, உச்சத்தை டிஜிட்டல் ஒலியின் மேல் எல்லையான பூஜ்ஜியம் டெசிபல் வரை நெருக்கித்தான் ஏற்றுகிறார்கள். அதாவது உங்கள் கைக்கு வருவது முடிந்த பாட்டு, அதில் பாடகருக்கு இடம் ஒதுக்கியிருக்காது. அதன்மேல் குரலைச் சேர்த்தால் மாஸ்டர் சிவக்காமல் என்ன செய்யும்? அதனால் குரலைத் தொடுவதற்கு முன்னால் பீட்டின் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவி) 6 முதல் 8 டெசிபல் வரை கீழே இறக்குங்கள். இறக்கியதும் பாட்டே செத்துப்போன மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஃபேடரை மட்டும் திரும்ப ஏற்றாதீர்கள். கடைசியில் மொத்த சத்தத்தையும் மாஸ்டரில் மீட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, பாட்டில் ரொம்ப நெரிசலான இடம் எதுவோ, பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் ஹூக்காகத்தான் இருக்கும், அந்த எட்டு பாரை (தாளச் சுற்றை) லூப்பில் ஓடவிட்டு, குரலை அடியிலிருந்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். இதைச் செய்யும்போது ஸ்பீக்கர் சத்தம் குறைவாக, பக்கத்தில் ஒருவர் பேசினால் காதில் விழுகிற அளவில் இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா, அங்கேயே நிறுத்துங்கள். சத்தமாக வைத்து மிக்ஸ் செய்தால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், காது ஏமாந்துவிடும். அப்புறம் ஒருமுறை, இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் போட்டுக் கேளுங்கள், பல பேர் உங்கள் பாட்டைக் கேட்கப்போவது ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில்தான்.

இப்போது இடம் ஒதுக்குகிற வேலை. கிக், ஸ்னேர் என்ற டிரம் அடிகள், 808 என்ற ஆழமான பேஸ் எல்லாம் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும், உங்கள் குரலும் நடுவில்தான். பேட், சிந்த், கிட்டார் வகையறாக்கள் பெரும்பாலும் இரண்டு ஓரங்களிலும் விரிந்திருக்கும். சொல்லின் தெளிவு சுமார் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. உங்கள் ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு அலைவரிசைப் பகுதியையும் ஏற்றி இறக்கும் கருவி) மிட், சைடு, அதாவது நடு, ஓரம் என்று பிரிக்கும் வசதி இருந்தால், பீட்டின் மிட் பகுதியில் மட்டும் அந்த இடத்தில் அகலமாக ஒரு 2 டெசிபல் குறையுங்கள், ஓரங்களைத் தொட வேண்டாம். அதற்கு மேல் வெட்டினால் ஸ்னேரின் முகமே போய்விடும்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி டைனமிக் ஈக்யூ. பீட்டின் மேல் அதைப் போட்டு, குரலை அதற்கு சைடுசெயினாக, அதாவது அதை இயக்கும் தூண்டுதலாகக் கொடுத்தால், நீங்கள் பாடுகிற நேரத்தில் மட்டும் அந்தப் பகுதி 2, 3 டெசிபல் இறங்கும், மூச்சு விடுகிற இடைவெளியில் பீட் முழுதாகத் திரும்பி வந்துவிடும். டோக்கியோ டான் லேப்ஸின் நோவா இலவசமாகவே கிடைக்கிறது, அதிலேயே இதைச் செய்யலாம். ஆனால் சாதாரண கம்ப்ரஷரை (உரத்த இடங்களை அமுக்கிச் சத்தத்தைச் சமன்செய்யும் கருவி) மொத்த பீட்டின் மேலும் போட்டு குரலால் அமுக்கும் வேலை மட்டும் வேண்டாம். நீங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் கிக்கும் 808-உம் சேர்ந்து படுத்து எழும், தலையாட்ட வைக்கிற அந்த அடி காணாமல் போகும். ராப் பாட்டில் அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது.

குரலுக்கு வருவோம். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள், அங்கே ஃபேன் இரைச்சலும் மைக் ஸ்டாண்டின் அதிர்வும்தான் இருக்கும். 250 முதல் 400 வரை பெட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு கனம் சேர்ந்திருந்தால் கொஞ்சம் குறைக்கலாம். கம்ப்ரஷரைப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் சோம்பல்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள்: வரி வரியாக அலைவடிவத்தைப் பார்த்து, தாழ்ந்த இடத்தைக் கிளிப் கெய்னில் (அந்தப் பதிவுத் துண்டின் சத்த அளவில்) கையால் ஏற்றுவது. தமிழில் இது கூடுதல் அவசியம். நம் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது, இயைபும் அங்கேதான் விழுகிறது, மூச்சு தீர்ந்துபோகிற இடமும் அதேதான். "ஏறி வந்தேன் பாரு" என்று ஒரு வரி முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏறி" கணீரென்று விழும், "பாரு" வரும்போது பாதி காற்றாகியிருக்கும், சரியாக அதே நேரத்தில் பீட்டில் ஸ்னேர் வந்து அடிக்கும். அந்த "பாரு"வை மட்டும் 2, 3 டெசிபல் தூக்கிப் பாருங்கள், வரியே நிமிர்ந்து உட்காரும். எந்த பிளக்இன்னும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்து தராது.

அதற்குப் பிறகு கம்ப்ரஷர். 4:1 விகிதம், 3 முதல் 5 டெசிபல் அமுக்கம் என்று தொடங்குங்கள். அட்டாக்கை, அதாவது அமுக்கம் தொடங்க எடுக்கும் நேரத்தை, ரொம்ப வேகமாக வைத்தால் "வெட்டு", "தட்டு", "சிக்கு" என்று வருகிற இரட்டிப்பு வல்லெழுத்துகளின் வெடிப்பு அமுங்கிப்போகும். தமிழ் ராப்பின் தாளமே பாதி அந்த வெடிப்பில்தான் இருக்கிறது. 10 மில்லிநொடி அளவில் வைத்துக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் வேகப்படுத்துங்கள். குரல் இன்னும் ஏறி இறங்கினால் அதே கம்ப்ரஷரைப் பிழியாமல், பின்னால் மென்மையாக இன்னொன்றைச் சேர்த்து 2 டெசிபல் மட்டும் அமுக்குங்கள். "ஸ்" சத்தம் குத்தினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அந்தச் சத்தத்தை மட்டும் அமுக்கும் ஒரு டீ-எஸ்ஸர் போதும்.

தனியாக நிற்கிறது என்றீர்களே, அது சத்தத்தின் பிரச்சினை இல்லை. பீட்டில் இருக்கும் ஒலிகளுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு ரிவர்ப் (அறைக்குள் ஒலி தங்கி அடங்கும் எதிரொலிப்பு), ஒரு இடம் அமைந்திருக்கிறது, உங்கள் குரல் மட்டும் படுக்கையறையிலிருந்து உலர்ந்து வருகிறது. பெரிய ரிவர்பைக் கொட்டினால் சொல் கரைந்துவிடும். அதனால் ஒரு நொடிக்கும் குறைவான சின்ன ரிவர்ப் கொஞ்சம், அதோடு தாளத்துக்குப் பொருந்திய ஒரு டிலே (தாமதித்து வரும் எதிரொலி). கணக்கு எளிதுதான்: 60000-ஐ பிபிஎம்மால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண்ணால், வகுத்தால் ஒரு தாள அடியின் நீளம் மில்லிநொடியில் கிடைக்கும். 90 பிபிஎம் என்றால் 667, அதில் பாதி 333. டிலேயை இந்த எண்ணில் வைத்து, காதில் தனியாகத் தெரியாத அளவுக்குத் தாழ்த்தி, நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்றும் இடத்தில் விடுங்கள். ரிவர்ப், டிலே இரண்டும் திரும்பி வருகிற தடத்தில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் 808-ஓடு கலந்து சேறாகிவிடும்.

கடைசியில் பீட், குரல் இரண்டும் சேர்ந்த மாஸ்டரில் ஒரு லிமிட்டர், உச்சவரம்பு மைனஸ் 1 டெசிபல். ஏற்கெனவே நசுங்கிய பீட் இது, ரொம்ப அழுத்தாதீர்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன்செய்துதான் ஒலிக்கவிடுகிறது, சத்தப் போட்டியில் ஜெயிக்க அங்கே எதுவும் இல்லை.

கேள்வி: ஸ்டீரியோ பீட்டையே ஏஐ மென்பொருளில் போட்டு டிரம்ஸ், பேஸ் என்று பிரித்துக்கொண்டால் மிக்ஸிங் சுலபமாகிவிடாதா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: பிரிக்கலாம். டெமக்ஸ் போன்றவை இலவசமாகவே டிரம்ஸ், பேஸ், குரல், மற்றவை என நான்காகப் பிரித்துத் தருகின்றன. ஆனால் பிரித்ததைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், ஹை-ஹேட்டில் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு கரகரப்பு இருக்கும், கிக்கின் முனை மழுங்கியிருக்கும். பேஸை 1, 2 டெசிபல் ஏற்றி இறக்குகிற மாதிரி சின்ன திருத்தத்துக்குச் சரி, மொத்தப் பாட்டையும் அதன்மேல் கட்ட வேண்டாம். விற்பவரிடமே ஸ்டெம் (டிரம்ஸ், பேஸ் என்று தனித்தனியான ஃபைல்கள்) கேட்டுப் பாருங்கள், பலர் கூடுதல் விலைக்கு அதற்கென்றே தனி லீஸ் வைத்திருக்கிறார்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் எம்பி3-ஐ விட்டு வேவ் ஃபைலையாவது வாங்குங்கள். இலவச பீட்டாக இருந்தால் உரிமத்தை வரி விடாமல் படியுங்கள், வருமானம் பார்க்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தால் பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு யூடியூபில் உரிமைக்கோரல் வந்து நிற்கலாம்.

கேள்வி: நேரில் சரியாகப் பாடுகிறேன், ரெக்கார்டு செய்தால் மட்டும் பீட்டுக்குப் பின்னால் இழுக்கிறது. ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டுத்தான் பாடுகிறேன்.
— ஒரு வாசகர், கோவை

பதில்: அதுதான் காரணம். ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வந்துசேர 100, 200 மில்லிநொடி தாமதமாவது சாதாரணம். 90 பிபிஎம்மில் பதினாறில் ஒரு பங்கு நோட்டே (ஒரு தாள அடியில் கால்பங்கு) சுமார் 167 மில்லிநொடிதான், ஆக நீங்கள் தாளத்தில் பாடினாலும் கிட்டத்தட்ட ஒரு அசை தள்ளித்தான் பதிவாகும். வயர் உள்ள ஹெட்ஃபோன் போடுங்கள், விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே நன்றாக அமைந்துவிட்ட டேக்கை (ஒருமுறை பாடிய பதிவை) அழிக்க வேண்டாம்: ஸ்னேரோடு சேர்ந்து விழ வேண்டிய ஒரு வல்லெழுத்தைத் தேடி, அதன் அலை தொடங்குகிற இடம் ஸ்னேரின் தொடக்கத்தோடு பொருந்தும்வரை மொத்த டேக்கையும் முன்னால் நகர்த்துங்கள். தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்காது, அதனால் இதை ஒவ்வொரு டேக்குக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.