பல் பிடுங்கியாச்சு, இனி?

கேள்வி: காலையில் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று தடவை பஞ்சு மாற்றிவிட்டேன். ரத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: மாற்றுவதால்தான் நிற்கவில்லை. பஞ்சை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் உறைந்த ரத்தமும் அதோடு பிய்ந்து வந்துவிடுகிறது. சுத்தமான காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, கெட்டியாக மடித்து, குழிக்கு நேர் மேலே வைத்து 45 நிமிடம் இறுகக் கடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. துணி பக்கத்துப் பல்லின் மேல் உட்கார்ந்துவிட்டால் அழுத்தம் குழிக்குப் போகாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். காப்பித்தூள் வைத்து அடைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். மறுநாள் வரை எச்சில் இளஞ்சிவப்பாக வரும், துப்பாமல் விழுங்கிவிடுங்கள். இரண்டு முறை இப்படிக் கடித்த பிறகும் வாய் நிறைய ரத்தம் ஊறினால், இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீர் எப்போதிலிருந்து?

பதில்: 24 மணி நேரம் கழித்து. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும். கடகடவென்று கொப்பளிக்காதீர்கள். வாயில் வைத்துத் தலையை இரண்டு பக்கமும் சாய்த்து, தானாக வழிய விடுங்கள்.

கேள்வி: மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் காது வரை குத்துகிறது, வாயில் நாற்றம் வேறு. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டும் குறையவில்லை.

பதில்: டிரை சாக்கெட் மாதிரி தெரிகிறது. கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாக ரத்தக்கட்டி இருக்க வேண்டிய இடம் காலியாகி, அடியில் வெளிறிய எலும்பு தெரிந்தால் அநேகமாக அதுதான். அந்தக் கட்டிதான் குழிக்கு மூடி. அது போய்விட்டால் எலும்பின் மேல் நேரடியாகக் காற்றும் சோறும் படும், வலி உயிரை எடுக்கும். ஆன்டிபயாடிக்கால் மூடி திரும்ப வராது. மருத்துவர் குழியைக் கழுவி, யூஜினால் கலந்த மருந்தை வைப்பார்; அன்றைக்கே வலி வெகுவாகக் குறையும். சிலருக்கு ஓரிரு நாள் கழித்து மருந்தை மாற்ற வேண்டிவரும். யூஜினால் கிராம்பில் உள்ளதுதானே என்று கிராம்பு எண்ணெயை வீட்டிலேயே ஊற்றாதீர்கள், ஈறு வெந்துவிடும். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். சிகரெட்டைக் குறைந்தது 3 நாளாவது தொடாதீர்கள்.

கேள்வி: குழிக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வலி இல்லை. சீழா?

பதில்: வலியும் வீக்கமும் இல்லையென்றால் பெரும்பாலும் காயம் ஆறும் படலம்தான். இயர்பட்ஸ், குச்சி எதையும் விட்டுச் சுரண்டாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் செயற்கை இதய வால்வு, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பல் எடுக்கலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. குழியில் கசியும் ரத்தத்தை அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. பல் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். 4-ஐத் தொட்டிருந்தால் தள்ளிப்போடுவார்கள். வால்வில் கிருமி தங்காமலிருக்க, பல் எடுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஆன்டிபயாடிக் தருவதுண்டு. பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்ஸிசிலின் 2 கிராம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐப்ரூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் அசிட்ரோமோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும்.

கேள்வி: மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்கிறார் பாட்டி.

பதில்: போகாது. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பாட்டியின் பயத்தை விடுங்கள், மேல் கடைவாயில் கவனிக்க வேண்டியது சைனஸ், அதாவது மூக்கை ஒட்டிய காற்றறை. அந்தப் பற்களின் வேர் அதை ஒட்டியே இருக்கும். குடித்த தண்ணீர் மூக்கில் வந்தால் இடையில் துளை விழுந்திருக்கிறது. மூக்கைச் சிந்தாமல், தும்மினால் வாயைத் திறந்து தும்மி, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என்ன சாப்பிடலாம்?

பதில்: மரமரப்பு போகும் வரை மெல்லும்படி எதுவும் வேண்டாம், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள். அப்புறம் ஆறிய கஞ்சி, இட்லி, குழைந்த தயிர் சாதம். தயிர் சாதத்தைத் தாளிக்காதீர்கள்; ஒரு கடுகு குழிக்குள் இறங்கினால் வெளியே எடுப்பது பெரும்பாடு. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதும் கூடாது.

கேள்வி: ஞானப்பல் எடுத்து இரண்டாம் நாள். வீக்கம் நேற்றைவிட அதிகம், வாய் சரியாகத் திறக்கவில்லை.

பதில்: வீக்கம் உச்சத்துக்கு வருவதே இரண்டாம், மூன்றாம் நாளில்தான். தாடைத் தசை இறுகுவதால் வாய் திறக்காது. ஐஸ் ஒத்தடம் முதல் நாளுக்கு. 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் விட வேண்டும். நாளையிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். நாலாம் நாளுக்கு மேலும் வீக்கம் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.