புதிய ஆக்சிஜன் சென்சார் மாட்டிய பிறகும் பி0135 வருகிறதா?

சென்சாரை மாற்றிய மறுநாளே பி0135 என்ற எஞ்சின் கோளாறுக் குறியீடு திரும்பிவிட்டது என்கிறீர்கள். இன்னொரு சென்சார் வாங்கும் முன், சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டருக்கான ஃபியூஸைப் பாருங்கள். இக்குறியீடு சுட்டுவது முன் சென்சாரின் ஹீட்டர் சுற்றையே தவிர, ஆக்சிஜனை அளக்கும் பகுதியை அன்று. மாட்டும்போது ஒயர் தொங்கி, சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு உருகியிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். ஒயரைச் சரிசெய்யாமல் வெறும் ஃபியூஸை மாற்றினால் அதுவும் போகும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், எஞ்சின் ஆறிய பின் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறமுள்ள இரண்டு ஒயர்களுக்கு இடையே (பாஷ் நிறுவன சென்சார் என்றால் பெரும்பாலும் வெள்ளை, டென்சோ நிறுவனத்துடையது என்றால் கறுப்பு) மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். சில ஓம்கள் காட்டினால் ஹீட்டர் அறுபடவில்லை. வண்டிப் பக்கத்து ஒயரிங்கைத்தான் தேட வேண்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் புதிய சென்சாரே பழுது, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இந்த நிறக்கணக்கு நான்கு ஒயர் சென்சாருக்கு மட்டுமே. ஐந்து, ஆறு ஒயர் உள்ளவற்றுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் மீட்டரை வைக்காதீர்கள்.