பவளத் தொட்டியோடு வீடு மாறுகிறீர்களா?

நுகர்வோர் கேள்வி-பதில். இந்த முறை, வீடு மாறும்போது உப்புநீர் மீன் தொட்டியை எடுத்துப் போவது பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

கேள்வி: எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். மடிப்பாக்கம் வீட்டு ஹாலில் நான்கடி உப்புநீர்த் தொட்டி இருக்கிறது, கீழே சம்ப் (தண்ணீரைச் சுத்திகரிக்கும் கீழ்த்தொட்டி). இரண்டு நீமோ மீன், ஒரு டாங் மீன், கொஞ்சம் மென்பவளங்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர், "கால்வாசி தண்ணியோட அப்படியே தூக்கிடலாம் சார், எங்க பொறுப்பு" என்கிறார். அதற்குத் தனியாக ஒரு தொகையும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கண்ணாடித் தொட்டியைத் தூக்கும்போது உள்ளே தண்ணீர் இருக்கவே கூடாது. மாடிப்படியில் தொட்டி சாயும்போது அத்தனை தண்ணீரும் ஒரு மூலைக்கு ஓடும். அந்த எடை அடிக்கண்ணாடியையும் சிலிக்கான் ஒட்டையும் முறுக்கும். உடனே உடைந்தாலாவது கையோடு பிடித்துக் கேட்கலாம். பெரும்பாலும் உடையாது. கோவையில் நிரப்பி நான்கு நாள் கழித்து ஓரத்தில் கசியும். அதற்குள் "எல்லாம் நல்லபடி வந்து சேர்ந்தது" என்று உங்களிடம் கையெழுத்து வாங்கிப் போயிருப்பார்கள்.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலித் தொட்டி, ஸ்டாண்ட், சம்ப், விளக்கு, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஆகியவை அவர் வண்டியில் போகட்டும். உயிருள்ளவை எல்லாம் உங்கள் காரில். இரண்டும் ஒரே நாளில் போக வேண்டும் என்பதும் இல்லை. தொட்டி முதலில் போய், ஸ்டாண்டில் மட்டம் பார்த்து ஏற்றி, வெறும் குழாய்த் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்கக் கசிவு பார்க்கட்டும். அதுவரை மீனும் பாறையும் மடிப்பாக்கத்திலேயே, மூடி போட்ட உணவுத் தர பிளாஸ்டிக் டிரம்களில் வேவ் மேக்கர் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) ஓட இருக்கலாம். வீட்டில் ஒருவர் இரண்டு நாள் பின்தங்கி வர வேண்டியிருக்கும். அந்த இரண்டு நாள் செலவு, மூவர்ஸ்காரர் கேட்கும் கூடுதல் தொகையைவிடப் பயனுள்ள செலவு.

பிரிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் மேலாக இருக்கும் தெளிந்த தண்ணீரைக் குழாய் வைத்து டிரம்களில் இறக்குங்கள். பிறகு பவளங்கள், அதன் பிறகு பாறைகள். மீனைக் கடைசியில் பிடியுங்கள். பாறை உள்ளே இருக்கும்போது டாங்கை வலையால் துரத்தினால் மீனும் களைக்கும், நீங்களும் களைப்பீர்கள். நாலு விரற்கடை தண்ணீர் மிச்சம் இருக்கும்போது இரண்டே நிமிடத்தில் அகப்படும். முந்தைய நாள் தீனி போடாதீர்கள். பையில் போகும் மீன் குறைவாகக் கழிய வேண்டும்.

மென்பவளங்களில் ஸோவாந்திட் என்ற வகை இருந்தால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. "கிளீன் பண்ணுகிறேன்" என்று அந்தப் பாறையை வெந்நீரில் போடுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது. ஆவியைச் சுவாசித்த குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

காரில் முதல் இடம் பாறைக்கு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா பாறையின் மேலும் துளைகளிலும்தான் குடியிருக்கிறது. தண்ணீரில் மிதப்பது மிகக் கொஞ்சம். பாறையை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோவது பக்கத்துத் தெரு வரைக்கும் சரி. ஐந்நூறு கிலோமீட்டருக்கு, பாறை முழுக்க மூழ்கும்படி டிரம்மில் வையுங்கள், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் போடுங்கள். பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சுகள் காற்றுப் பட்டால் செத்து அழுகும். புது வீட்டில் முதல் வாரம் அம்மோனியா எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பை கட்டிக் கொடுப்பார்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, காரில் ஏ.சி. போட்டுப் போகலாம்.

போய்ச் சேர்ந்ததும் பலர் பையைத் திறந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறார்கள். நீண்ட பயணத்துக்குப் பிறகு அது ஆபத்து. மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு அமிலத் தன்மையைக் கூட்டியிருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். ஆகவே திறக்காத பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். தொட்டித் தண்ணீரின் உப்பளவை, பைத் தண்ணீரின் அளவுக்குச் சமமாக முன்கூட்டியே வைத்திருங்கள். திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

சில்லரை நிமிர்ந்த நிலையிலேயே ஏற்றச் சொல்லி, அதன் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும், ஃப்ரிட்ஜுக்குச் சொல்வதுபோலவே.

கேள்வி: அதே மாற்றலுக்கு என்னென்ன புதிதாக வாங்க வேண்டியிருக்கும்? கடைக்காரர் கொடுத்த பட்டியலில் பாதி தேவையா என்றே தெரியவில்லை.

பதில்: உப்பு, மணல், சோதனை கிட். முதலில் இந்த மூன்றும்.

நான்குக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடித் தொட்டியில் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். பாறை அடைத்த இடத்தைக் கழித்து, சம்ப்பைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே கணக்குதான். பழைய தண்ணீரில் பாதிக்கு மேல் கொண்டுபோக முடியும் என்றாலும், முழுத் தொட்டிக்கும் வேண்டிய உப்பைக் கையில் வைத்திருங்கள். ஒரு டிரம் வழியில் கவிழலாம், தண்ணீர் கலங்கியும் போகலாம். லிட்டருக்கு 36 கிராம் என்றால் 250 லிட்டருக்கு 9 கிலோ. இது பவளத் தொட்டிக்கென்றே விற்கும் ரீஃப் உப்பு, சமையல் உப்பு அல்ல. பாக்கெட் கட்டிதட்டியிருந்தால் வாங்காதீர்கள், ஈரம் ஏறிய உப்பில் கால்சியம் சரியாகக் கரையாது. புதுத் தண்ணீரை முந்தைய நாளே கலந்து பம்ப் ஓடவிடுங்கள். அளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அடர்த்தியில் சொன்னால் 1.026. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் வைத்துச் சரிபார்ப்பதைவிட, 35 பிபிடி அளவுக் கரைசலில் சரிபார்ப்பது நம்பகமானது.

கலக்கும் தண்ணீர் ஆர்.ஓ. - டி.ஐ. வடிகட்டியில் (சவ்வும் ரெசினும் கொண்டு உப்புகளை நீக்குவது) வந்ததாக, டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) பூஜ்யமாக இருக்க வேண்டும். குடிநீர் ஆர்.ஓ. இயந்திரம் இதற்கு ஆகாது. சுவைக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு பலவற்றில் இருக்கிறது, சிலவற்றில் தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் உண்டு. கேன் தண்ணீரையும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரின் பெருமையைப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். நியாயம்தான், ஆனால் குழாயில் வரும்போது அதில் குளோரின் உண்டு. உங்கள் டி.ஐ. ரெசின் சென்னை போர்வெல் தண்ணீரில் உழைத்ததைவிட அதிக நாள் உழைக்கும் என்பதுதான் அதில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம்.

புறப்படுவதற்கு முன் பெசன்ட் நகர் கடற்கரையில் நாலு கேன் பிடித்துக்கொண்டு போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அடையாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய கரை அது. வடகிழக்குப் பருவமழையில் கரையோரத் தண்ணீரின் உப்பும் இறங்கிவிடும்.

பழைய மணலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கலாம். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். மீனைக் கொல்ல அது போதும். ஒரு பை புது அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல், நன்றாகக் கழுவியது, போதும்.

அம்மோனியா கிட் கட்டாயம். முதல் வாரம் தினமும் பாருங்கள். 0.25 பிபிஎம் தாண்டினால் அன்றே தண்ணீரில் ஒரு பங்கை மாற்றுங்கள். கலந்து வைத்த மிச்ச உப்புநீர் அப்போது உதவும்.

பட்டியலில் இருக்கும் பாட்டில் பாக்டீரியா? ஈரம் காயாத பழைய பாறை உங்களிடம் இருக்கும்போது அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. புது விளக்கு, புது ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) எல்லாம் தொட்டி அங்கே ஒரு மாதம் நிலைத்த பிறகு யோசிக்கலாம். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றினால், ஏதாவது கெட்டுப்போகும்போது காரணம் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடிக்குக் குடிபோகிறோம். எங்கள் நான்கடித் தொட்டியைத் தளம் தாங்குமா? வீட்டுக்காரர் "அந்தக் காலத்துக் கட்டடம், யானையே நிற்கும்" என்கிறார்.

பதில்: யானையை யாரும் ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர் 260 கிலோ, கண்ணாடி 50, பாறையும் மணலும் இன்னொரு 50, ஸ்டாண்டும் நிரம்பிய சம்ப்பும் நூறுக்கு மேல். மொத்தம் 460 கிலோவுக்கு மேல் என்று வையுங்கள். அவ்வளவும் ஆறு சதுர அடியில் நிற்கிறது. வீடுகளின் தளத்துக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இது தளம் முழுக்கப் பரவிய சுமைக்கான எண். தொட்டி நிற்கும் இடம் மட்டும் அதைத் தாண்டினால் உடனே இடிந்துவிடும் என்று பொருளில்லை. கான்கிரீட் தளத்தில், சுவரை ஒட்டி, உத்தரத்தின் மேல் வைத்தால் இந்த அளவுத் தொட்டி சாதாரணமாக நிற்கும்.

உங்கள் வீடு மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் கதை வேறு. மரம் உளுத்திருப்பது மேலிருந்து தெரியாது. உப்புநீர் சொட்டினால் இன்னும் மோசம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். முடியாதென்றால் தரைத்தளத்தில் வீடு தேடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் தொட்டியைப் பற்றி ஒரு வரி எழுதி வாங்குவதும் நல்லது.

கேள்வி: எங்கள் தொட்டி சேலம் வந்தபோது ஒரு பக்கம் விரிசல். டிரான்சிட் இன்ஷூரன்ஸ் என்று பணம் வாங்கியிருந்தார்கள். இப்போது "ரசீதில் ஓனர் ரிஸ்க் என்று போட்டிருக்கிறோம், ஒன்றும் தர முடியாது" என்கிறார்கள்.

பதில்: முதலில் இன்ஷூரன்ஸ் பாலிசியின் நகலைக் கேளுங்கள். சரக்கு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வாங்கும் தொகை எல்லாமே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போவதில்லை. பாலிசி எண் இல்லையென்றால், இல்லாத சேவைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அதுவே ஒரு தனிப் புகார்.

"ஓனர் ரிஸ்க்" என்று அச்சடித்துவிட்டால் பொறுப்பு போய்விடாது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு சேதமானால் வண்டிக்காரரின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் உங்களுக்குப் பாதகமாகலாம். பொருளின் மதிப்பை ரசீதில் எழுதாவிட்டால் இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு, கட்டிய வாடகையின் மடங்கில்தான் கிடைக்கும். அடுத்தது, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஸ்பீட் போஸ்டில் இன்றே அனுப்புங்கள். விரிசலின் புகைப்படம், இறக்கும்போது எடுத்த வீடியோ, ரசீது, வாட்ஸாப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செத்த மீனுக்கு? மூவர்ஸ் வண்டியில் ஏற்றிய மீனுக்கு இழப்பீடு வாங்குவது கடினம், வீட்டுச் சாமான் பாலிசிகள் பெரும்பாலும் உயிரினங்களைச் சேர்ப்பதில்லை.

கேள்வி: தொட்டியை மாற்றும் கையோடு இரண்டு கல் பவளம் வாங்கலாம் என்றிருக்கிறேன். விற்பவர் "பில் தருகிறேன், பிரச்சினை வராது" என்கிறார்.

பதில்: பில் உங்களைக் காப்பாற்றாது. கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். கடல்குதிரையும் கடல் அட்டையும்கூட இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

உயிருள்ளது, செத்தது என்ற பேதமும் இல்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த "லைவ் ராக்" என்று விற்பது பெரும்பாலும் பவள எலும்புக்கூடு. அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. செராமிக் அல்லது செயற்கைப் பாறை வாங்குங்கள். உங்களிடம் உள்ள பழைய பாறைத் துண்டு ஒன்றிலிருந்து பாக்டீரியா அதில் சில வாரங்களில் பரவிவிடும்.

ஏற்கெனவே கல் பவளம் வைத்திருப்பவர்கள் அதை லாரியில் ஏற்றுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசி, வனத்துறையின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தை அணுகுங்கள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட அது மேல்.

கேள்வி: இத்தனை பாடு படுவதற்கு விற்றுவிட்டு அங்கே போய்ப் புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: இரண்டடிக்குள் சிறிய தொட்டி என்றால் எடுத்துப் போவதே எளிது. ஐந்தடிக்கு மேல், சிலிக்கான் போட்டுப் பத்து வருடம் ஆகிறது என்றால் கண்ணாடியை விற்றுவிடுங்கள். போகும் ஊரிலேயே புதுத் தொட்டிக்கு முன்கூட்டி ஆர்டர் கொடுங்கள், சிலிக்கான் நன்றாக இறுக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். மீனையும் பாறையையும் மட்டும் கொண்டுபோனால் போதும். விற்கும்போது தொட்டி, ஸ்டாண்ட், சம்ப் மூன்றையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்பவர் ஸ்டாண்டை விட்டுவிட்டுப் போய்விடுவார், அதைத் தூக்கிப் போடவும் நீங்களேதான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும்.